கேட்கப்பட்ட மன்றங்கள்: திருத்தணி எல்லை மாற்றமும் குவைத் நாடாளுமன்றமும்

1. ஆய்வுக்குரிய கேள்வி

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழில் இதுபற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் போராட்ட வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும், தளபதி என்று மக்கள் அழைத்த திருத்தணி கே. விநாயகமும், ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரும் அந்த எழுத்துகளில் முன்னிற்கிறார்கள். அவர்கள் முன்னிற்பது முறைதான். மாலைநேரத் திண்ணை வகுப்புகளிலும் மறியல்களிலும் திரண்ட உணர்வு இல்லையென்றால், முடிந்துபோன எல்லைக் கணக்கை மீண்டும் திறக்கத் தில்லிக்கு அவசியமே வந்திருக்காது.

ஆனால் நிலத்தை மாற்றியது ஒரு சட்டம். நாடாளுமன்றம் அதை இயற்றியது. அதற்குமுன் இரு மாநிலச் சட்டமன்றங்களிடமும் கருத்துக் கேட்கவேண்டும் என்பது அரசமைப்பின் விதி. போராட்டத்துக்கும் நிலமாற்றத்துக்கும் இடையே நடந்த இந்த மன்றப் பணியைப் பற்றி நம்மிடம் எழுத்து குறைவு. இக்கட்டுரை அந்த இடைவெளியிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஒரு மன்றத்திடம் கருத்துக் கேட்டாக வேண்டும், ஆனால் அது சொல்வதை ஏற்கவேண்டியதில்லை என்றால், அந்த மன்றத்துக்கு உண்மையில் இருக்கும் அதிகாரம் எது?

மன்னராட்சியும் நாடாளுமன்றமும் சேர்ந்திருக்கும் சிறிய அரபு நாடுகளில் இதே கேள்வி நாள்தோறும் எழுகிறது. அவற்றுள் குவைத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அரபு வளைகுடா நாடுகளில் எழுத்தளவில் வலுவான நாடாளுமன்றம் அங்கேதான் இருந்தது. மேலும், திருத்தணி வழியாகச் சென்னைக்கு வரும் ரயில்களில் கடப்பை, ராஜம்பேட்டைப் பக்கத்திலிருந்து குவைத் வேலைக்குப் புறப்பட்டவர்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் ஊர்ப்பகுதி இது. அந்த நாட்டின் மன்றம் எடுத்த முடிவும் எடுக்கமுடியாமல் போன முடிவும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் வரவு செலவைத் தொட்டன.

2. மாவட்டம், வட்டம், கிராமம்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியும் கடப்பை மாவட்டத்தின் சில வட்டங்களும் சேர்ந்த அந்த மாவட்டத்தை, சென்னை மாகாணத்தின் நிர்வாக வசதிக்காக ஆங்கிலேய அரசு அமைத்தது. மாகாணம் ஒன்றாக இருந்தவரை, எந்த வட்டம் எந்த மாவட்டத்தில் என்பது வரி வசூலும் கச்சேரியும் சார்ந்த விஷயமாகவே இருந்தது. திருத்தணிக்காரர் சித்தூருக்குப் போய்வந்தார், அவ்வளவுதான்.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பின், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ஆந்திர மாநிலச் சட்டத்தை நிறைவேற்றியது. சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணியோடு, 1953 அக்டோபர் 1 அன்று புதிய மாநிலத்துக்குச் சென்றது. 1911இல் கச்சேரி வசதிக்காகப் போட்ட கோடு, 42 ஆண்டுகளுக்குப் பின் மொழி எல்லையாகிவிட்டது.

இதை விளக்கும்போது, மாவட்டத்தை அலகாகக் கொள்வதைத் தவிர அன்று வேறு வழியில்லை என்று சொல்வது வழக்கம். இவ்விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதே சட்டம் பல்லாரி மாவட்டத்தை வட்டம் வட்டமாகப் பிரித்தது. ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் ஆகிய மூன்று வட்டங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. எஞ்சியவை மைசூரோடு சேர்ந்தன. பல்லாரிக்கு வட்டம் அலகு, சித்தூருக்கு மாவட்டம் அலகு என்று ஒரே சட்டத்துக்குள் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. பல்லாரியைப் பிரிக்க முடிந்தபோது சித்தூரைப் பிரிக்க முடியாமற்போனதற்குக் கொள்கைக் காரணம் எதுவும் தென்படவில்லை. சென்னை நகரம் யாருக்கு என்ற பெருஞ்சச்சரவு அன்றைய கவனம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்ததே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு. தலைநகர் காக்கப்பட்டது; வட்டங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது அளவுகோல் பிறகு வந்தது. இரு மாநிலங்களும் தமக்குள் பேசி முடிக்க இயலாமல் நடுவரை நாடின. மத்திய அரசில் சட்ட விவகார அமைச்சராக இருந்த எச்.வி. படாஸ்கர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கிராமத்தை அலகாகக் கொள்வது, எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று பார்ப்பது, நிலத்தொடர்ச்சியைக் கணக்கில் எடுப்பது, மக்கள் விருப்பத்தைக் கருதுவது என்பவை அவர் வகுத்த நெறிகள். பிற்காலத்தில் கர்நாடகத்தோடான பெலகாவி எல்லை வழக்கில் மகாராஷ்டிரம் விடாமல் எடுத்துக்காட்டிவரும் 'படாஸ்கர் வாய்ப்பாடு' இதுதான். நம் பக்கத்துக் கிராமங்களுக்காக எழுதப்பட்ட நெறி, நம்மைவிட மராத்தியரிடம்தான் புகழ்பெற்றிருக்கிறது.

கிராமத்தை அலகாகக் கொண்டால் கோடு இரு பக்கமும் நகரும். திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டு துணை வட்டமும் சென்னைக்கு வந்தன. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு சுற்றியுள்ள ஊர்களும், சேலம் மாவட்டத்திலிருந்து சில ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் காளத்தியும் பேச்சுக்கே வரவில்லை என்ற வருத்தம் ம.பொ.சி. வழிவந்தவர்களிடம் இன்றும் உண்டு. அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும், கிராம அளவுகோலை ஏற்ற பிறகு கோயிலின் பழமையை வைத்து எல்லை கேட்க இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

3. அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு

இந்திய அரசமைப்பின் 3ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு வியப்பூட்டும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. புதிய மாநிலம் அமைக்கலாம். இருப்பதைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். பெயரை மாற்றலாம், எல்லையை நகர்த்தலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். அத்தகைய சட்டத்தை அரசமைப்புத் திருத்தமாகக் கருதக்கூடாது என்று 4ஆம் உறுப்பு கூறுகிறது. இரண்டே கட்டுப்பாடுகள்: மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மட்டுமே கொண்டுவரலாம், தொடர்புடைய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தை அதற்குமுன் கேட்க வேண்டும்.

இரண்டாவது கட்டுப்பாட்டின் வரலாறு கவனிக்கத்தக்கது. 1955 டிசம்பரில் நிறைவேறிய ஐந்தாம் திருத்தம், கருத்துச் சொல்லக் கால வரம்பு விதிக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. வரம்புக்குள் சட்டமன்றம் பேசாவிட்டாலும் மசோதா நகரும். மாநிலங்களை மொழிவழி திருத்தியமைக்கும் பெரும்பணி தொடங்கவிருந்த வேளையில், எந்தச் சட்டமன்றமும் மௌனத்தால் அதைத் தடுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அடுத்த அடியை உச்ச நீதிமன்றம் வைத்தது. பம்பாய் மாநிலம் தொடர்பான பாபுலால் பராட்டே வழக்கில் 1959 ஆகஸ்டில் வந்த தீர்ப்பின்படி, சட்டமன்றத்தின் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கருத்துக் கேட்ட பிறகு மசோதாவின் வடிவமே மாறினாலும் மீண்டும் கேட்கவேண்டியதில்லை. திருத்தணியை மாற்றிய சட்டம் இதற்குச் சில மாதங்கள் கழித்து நிறைவேறியது.

ஆகவே 1959இல் சென்னையிலும் ஐதராபாத்திலும் இருந்த சட்டமன்றங்களின் சட்டநிலை தெளிவானது. அவை கேட்கப்பட வேண்டியவை. முடிவு அவற்றின் கையில் இல்லை.

இத்தகைய மன்றம் தமிழருக்குப் புதியதன்று. மைசூர் சமஸ்தானத்தில் திவான் ரங்காச்சாரலு 1881இல் கூட்டிய பிரதிநிதி சபை குறைகளை எடுத்துச்சொல்லலாம். தீர்மானிப்பது அரசரும் திவானும். புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசில் 1902இல் பிரதிநிதி சபையும் 1924இல் சட்டமன்றமும் ஏற்பட்டன. அரசியலின் கடைசிச் சொல் அரண்மனையிடமே இருந்தது. குடியரசான பிறகும் எல்லைப் பிரச்சினை என்ற ஒரு பொருளில் மட்டும் நம் மாநிலச் சட்டமன்றங்கள் அந்தப் பழைய சமஸ்தான சபைகளின் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன என்பது பலர் கவனிக்காத செய்தி.

4. மூன்று முறை முகவரி மாறிய வாக்கு

ஆந்திரப் பிரதேசம் மற்றும் சென்னை (எல்லை மாற்றம்) சட்டம், 1959 எல்லையோடு நிற்கவில்லை. எல்லை நகர்ந்தால் வாக்காளரும் நகர்வார். வாக்காளர் நகர்ந்தால் அவர் தேர்ந்தெடுத்தவரும் நகரவேண்டும். ஆந்திரப் பேரவையின் உறுப்பினர் ஒருவர் சென்னைப் பேரவைக்கு ஒதுக்கப்பட்டார். அங்கே 301 இருந்தது 300 ஆயிற்று. இங்கே 205 இருந்தது 206 ஆயிற்று.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதைத் திருத்தணி வாக்காளரின் பக்கமிருந்து பார்க்கவேண்டும். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அவர் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். 1953 அக்டோபரில், அவரை யாரும் கேட்காமலேயே, அந்த வாக்கின் பயன் கர்னூலில் கூடிய ஆந்திரப் பேரவைக்குப் போயிற்று. 1955இல் ஆந்திரத்தில் இடைக்காலத் தேர்தல் வந்தது, மீண்டும் வாக்களித்தார். 1956 நவம்பரில் தெலங்கானா சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானது. பேரவை ஐதராபாத்துக்கு மாறியது. ஆந்திரப் பகுதியின் பேரவை உறுப்பினர்கள் தொடர்ந்ததால், 1957இல் நாடெங்கும் தேர்தல் நடந்தபோது அவர் மக்களவைக்கு மட்டுமே வாக்களித்தார். 1960 ஏப்ரலில் அவருடைய உறுப்பினர் சென்னைக்கு வந்தார். எட்டாண்டுகளில் இரண்டே முறை பேரவைக்கு வாக்கு. அந்த வாக்கு போய்ச்சேர்ந்த பேரவையோ சென்னை, கர்னூல், ஐதராபாத், மீண்டும் சென்னை என்று நான்கு.

எந்த மாநிலத்தில் இருக்க விரும்புகிறீர்கள் என்ற வாக்குச்சீட்டு மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. படாஸ்கர் நெறிகளில் மக்கள் விருப்பம் என்ற ஒன்று இருந்தாலும், அதை அறியப் பொதுவாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் குறித்த தாய்மொழியே விருப்பத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் அது போதுமான சான்று என்று சொல்லமுடியாது. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கூட்டத்தில் நின்றாலே தெரியும்: புஷ்பக் காவடியோடு புத்தூர், நகரி பக்கத்திலிருந்து வருபவர்களின் பேச்சிலும் பாட்டிலும் இரண்டு மொழியும் ஒரே மூச்சில் வருகின்றன. 1953 சட்டம் நிறைவேறிய நாளிலும் 1959 சட்டம் நிறைவேறிய நாளிலும் மாநிலங்களவைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888இல் திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். தாய்மொழிக் கணக்கு ஒன்றைக்கொண்டு அவர் ஊரின் இடத்தை முடிவுசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அவரே சான்று.

இவ்வளவுக்குப் பிறகும் 1960 ஏற்பாடு நிலைத்துவிட்டது. ஏன்? சட்டம் வலுவாயிருந்தது என்பது பாதிப் பதில்தான். சென்னையில் காமராசர், ஐதராபாத்தில் நீலம் சஞ்சீவ ரெட்டி, தில்லியில் நேரு. மூவரும் ஒரே கட்சி. ஆனால் அவரவர் அவரவருடைய வாக்காளரிடம் திரும்பப் போகவேண்டியவர்கள். சஞ்சீவ ரெட்டியால் வெறுங்கையோடு திருத்தணியை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே சத்தியவேடு ஈடாகக் கேட்கப்பட்டது. காமராசரால் வடக்கெல்லைக் கிளர்ச்சியை அலட்சியம் செய்யமுடியாது. ஆகவே சத்தியவேட்டைக் கொடுக்க நேர்ந்தது. சட்டமன்றங்களின் கருத்துக்குச் சட்டத்தில் இல்லாத எடையை, அவற்றின்முன் பதில்சொல்லக் கடமைப்பட்ட முதலமைச்சர்கள் பேச்சுவார்த்தை மேசையில் உண்டாக்கினார்கள்.

5. குவைத்: எழுத்தில் வலுத்த மன்றம்

குவைத்தின் அரசமைப்பு 1962 நவம்பரில் அமீர் அப்துல்லா அல் சலீம் ஒப்புதலோடு வந்தது. அதன்படி தேசிய மன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 50 பேர். அமைச்சர்கள் பதவிவழி உறுப்பினர்கள்; அவர்கள் எண்ணிக்கை மன்ற உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பிரதமரை அமீர் நியமிக்கிறார். கட்சிகளுக்குச் சட்ட ஏற்பு இல்லை. மன்றம் நிறைவேற்றி அமீர் ஒப்புதல் தராமல் எந்தச் சட்டமும் வராது என்பது அதன் விதி. அமீர் திருப்பி அனுப்பினால் மூன்றில் இரு பங்கு வாக்கால் மன்றம் அதை மீண்டும் நிறைவேற்றலாம். ஜோர்டானில் மன்னர் நியமிக்கும் மேலவை உண்டு. பஹ்ரைனில் 40 தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு எதிரே 40 நியமன உறுப்பினர்கள். குவைத்தில் அப்படியொரு மேலவை இல்லை.

குவைத் மன்றத்தின் உயிர் குறுக்கு விசாரணையில் இருந்தது. அரசமைப்பின்படி எந்த உறுப்பினரும் ஓர் அமைச்சரைப் பெயர்சொல்லி விசாரணைக்கு அழைக்கலாம். அமைச்சர் மன்றத்தின் முன் நின்று பதில் சொல்லவேண்டும். பிறகு அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால், வாக்களிப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே. உடன் அமர்ந்திருக்கும் அமைச்சர்களுக்கு அதில் வாக்கில்லை. தோற்கும் முன்பே பதவி விலகிய அமைச்சர்கள் பலர். நம் சட்டமன்றங்களில் ஆளுங்கட்சியின் எண்ணிக்கை அமைச்சரைக் காக்கிறது. அங்கே அந்தக் காப்பு இருக்கவில்லை. பிரதமரை மட்டும் வாக்கால் நீக்கமுடியாது. அவரோடு ஒத்துழைக்க இயலாது என்று மன்றம் அறிவிக்கலாம். அதன்பின் பிரதமரை மாற்றுவதா, மன்றத்தைக் கலைப்பதா என்பதை அமீர் முடிவுசெய்வார்.

2006 ஜனவரியில் இந்த மன்றம் செய்தது எந்த மன்னராட்சியிலும் அரிது. அமீர் ஜாபிர் மறைந்தபின் பட்டத்துக்கு வந்த சாத் அல் அப்துல்லா கடும் நோயுற்றிருந்தார். அரச குடும்பத்துக்குள் முடிவு இழுபறியாக இருந்தபோது, வாரிசுரிமைச் சட்டத்தின்படி மன்றம் வாக்களித்து அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் அதே மன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்திருந்தது. 2009இல் நான்கு பெண்கள் உறுப்பினர்களாயினர்.

இத்தனை அதிகாரமும் ஒரு சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது. அரசமைப்பின்படி அமீர் மன்றத்தைக் கலைத்தால் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் நடக்கவேண்டும். 1976இலும் 1986இலும் அந்த விதியையே நிறுத்திவைத்து மன்றம் மூடப்பட்டது. முதல்முறை 1981 வரை; இரண்டாம் முறை, இராக்கின் படையெடுப்பும் விடுதலையும் கடந்து, 1992 வரை. 2024 ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முதல் அமர்வுக்குக் கூடுமுன்பே, மே 10 அன்று அமீர் மிஷால் அல் அஹ்மத் அதைக் கலைத்தார்; அரசமைப்பின் சில உறுப்புகளை நான்காண்டுகள் வரை நிறுத்திவைப்பதாகவும் அறிவித்தார். மன்றமும் அரசும் ஓயாமல் மோதி நாட்டின் வளர்ச்சி முடங்கிவிட்டது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அடிக்கடி அமைச்சரவை கவிழ்ந்ததும், பெரிய திட்டங்கள் மன்றத்தில் சிக்கி நின்றதும் உண்மை. ஆனால் பிரதமரைப் பெரும்பான்மையிலிருந்து எடுக்காமல், கட்சி அமைக்கவும் விடாமல், மன்றத்துக்குத் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுத்துவைத்தால் அது தடுத்துக்கொண்டேதான் இருக்கும். முடக்கத்தின் வேர் அமைப்பில் இருக்கிறது என்ற வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.

மன்றம் பூட்டப்பட்ட காலங்களில் குவைத்தியர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பெரிய வீட்டிலும் 'திவானியா' என்ற வரவேற்புக்கூடம் உண்டு. மாலையில் ஆண்கள் தரையோடு ஒட்டிய இருக்கைகளில் சுவரோரமாக அமர்ந்து, தேநீரோடு ஊர்விஷயம் பேசுவார்கள். வீட்டுக்கூடம் என்பதால் கூட்டத்தடை அங்கே எளிதில் செல்லாது. 1989 இறுதியில் திங்கட்கிழமைதோறும் ஒரு திவானியாவில் கூடி, மன்றத்தைத் திரும்பத் திறக்கக் கோரும் இயக்கம் வளர்ந்தது. காவல்துறை வந்து கலைக்கும் அளவுக்கு அது பெருகியது. வடக்கெல்லை ஊர்களில் மங்கலங்கிழாரின் தமிழ் வகுப்புகளும் இந்தத் திங்கட்கிழமைக் கூடங்களும் ஒரே வகைப் பணியைச் செய்தன என்று நினைக்கிறேன். மன்றத்தின் கதவு திறவாதபோது, அதன் விவாதத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் இரு இடத்திலும் இருந்தார்கள்.

குவைத்தில் வசிப்போரில் பெரும்பான்மையோர் வெளிநாட்டவர். அவர்களுக்கு எந்த மன்றத்திலும் வாக்கில்லை. வெளிநாட்டவர் அனுப்பும் பணத்துக்கு வரி, நாடுவாரியாக ஆள் உச்சவரம்பு போன்ற யோசனைகள் அந்த மன்றத்தில் பலமுறை எழுந்ததையும் இங்கே மறக்கலாகாது. வலுவான மன்றம் என்பதாலேயே அது எல்லார்க்கும் நல்ல மன்றமாகிவிடாது.

6. மறுப்பின் எடை

இரு வகை மன்றங்களையும் அருகருகே வைத்தால் எதிரெதிர் நிலை தெரிகிறது. குவைத் மன்றத்துக்கு எழுத்தில் கனத்த அதிகாரம். ஆனால் கதவு ஒருவர் கையில். நம் மாநிலச் சட்டமன்றத்தை அப்படி நினைத்தபோது பூட்டமுடியாது. ஆனால் தன் எல்லையைப் பற்றி அதற்கு எழுத்தில் அதிகாரம் மிக மெலிந்தது. 1960இல் அந்த மெலிவு வெளியே தெரியாததற்குக் காரணம், எந்தச் சட்டமன்றத்தையும் மறுப்பின் விளிம்புவரை தள்ளாமல் பேச்சுவார்த்தை முடிந்திருந்ததே.

மறுப்பு வந்தபோது நடந்ததை அதே ஆந்திரத்தில் பார்த்தோம். தெலங்கானாவைப் பிரிக்கும் மசோதாவை 2014 ஜனவரி 30 அன்று ஆந்திரப் பேரவை குரல் வாக்கால் நிராகரித்தது. மூன்று வாரத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. தனி மாநிலம் கேட்ட தெலங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது. அதே ஏற்பாடுதான் அதைச் சாத்தியமாக்கியது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பெரும்பான்மைப் பகுதியின் சட்டமன்றத்துக்குத் தடையுரிமை இருந்திருந்தால் சிறுபான்மைப் பகுதி என்றைக்கும் பிரியமுடியாது. அதே தடையுரிமை 1959இல் ஆந்திரப் பேரவைக்கு இருந்திருந்தால் திருத்தணியும் வந்திராது. மூன்றாம் உறுப்பைக் குறைசொல்லும் மாநில உரிமைவாதிகள் இதற்கு விடைசொல்லவேண்டும்.

ஆனால் 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் நடந்தது இந்த நியாயத்துக்குள் அடங்காது. அங்கே சட்டமன்றம் முந்தைய ஆண்டே கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மாநிலத்தின் கருத்தை நாடாளுமன்றமே தன்னிடம் தானே கேட்டுக்கொண்டு, மாநிலத்தை இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கியது. ஜம்மு காஷ்மீரின் தனிநிலைக்கு அடிப்படையாக இருந்த 370ஆம் உறுப்பு தொடர்பான நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. லடாக்கைப் பிரித்ததையும் ஏற்றது. மாநிலத் தகுதி திரும்பத் தரப்படும் என்று அரசு கூறியதைக் குறித்துக்கொண்டு, ஒரு மாநிலத்தையே ஒன்றியப் பகுதியாக்கலாமா என்ற கேள்வியை விட்டுவைத்தது. மன்றம் இல்லாத வேளையில் மன்றத்தின் கருத்தைப் பெறுவது குவைத்தின் 1976, 1986 நடைமுறைக்கு நெருங்கிவருகிறது.

திருத்தணிக்குத் திரும்பினால், தாய்மொழிக் கணக்கு, நடுவர், இரு முதலமைச்சர்கள், இரு சட்டமன்றங்கள், நாடாளுமன்றம் என்று எல்லாரும் பேசி முடித்த ஏற்பாட்டின்மீது அவ்வூர் வாக்காளர் வாக்குச்சீட்டால் பேச வாய்ப்புக் கிடைத்தது 1962 பொதுத்தேர்தலில். அப்போதும் அவர்முன் இருந்தது எந்த வேட்பாளர் என்ற கேள்வியே. எந்த மாநிலம் என்பது முடிந்துவிட்டிருந்தது. சத்தியவேட்டு வாக்காளரும் அதே ஆண்டில், அதேபோல, எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று வாக்களித்தார். படாஸ்கர் நெறிகளில் நான்காவதான மக்கள் விருப்பத்தை நேரடியாக அறியும் ஏற்பாடு மூன்றாம் உறுப்பில் இன்றுவரை இல்லை.